படைத்தவன் தந்த உருவமும் பெண்ணின் மனநிறைவும்

மண்ணிலிருந்து மனிதனைப் படைத்து, அவனுக்கு அழகிய உருவமும் தந்த வல்ல அல்லாஹ்வுக்கே புகழனைத்தும். அவனுடைய திருத்தூதர் முஹம்மது முஸ்தபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

 

சில நாட்களுக்கு முன் நமக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டும் பெண்கள் எழுதியவை. பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம் என்று இருவருமே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் கடிதம் ஒரு தாயாருடையது. மகளுக்கு ஷவ்வால் மாதத்தில் நிக்காஹ் பேசியிருக்கிறார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டு மாமி, பிள்ளை மெலிந்து மார்பு தட்டையாக இருக்கிறாளே, நாளைக்குக் குழந்தை பிறந்தால் பாலுக்கு எங்கே போவது என்று நாலு பெண்கள் மத்தியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்று முதல் அந்தப் பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை. ஆபரேஷன் செய்து மார்பகத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாமாம், எனக்குப் போட இருக்கும் நகையில் ஒரு பகுதியை விற்றுத் தாருங்கள் என்று உம்மாவிடம் கேட்கிறாள். இது மார்க்கத்தில் கூடுமா என்பது தாயின் கேள்வி.

இரண்டாவது கடிதம், புற்றுநோயால் ஒரு மார்பகத்தை இழந்துவிட்ட ஒரு சகோதரியுடையது. மறுபடியும் அமைத்துத் தரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் அல்லாஹ் எடுத்துக்கொண்டதை நாம் திரும்ப வைத்துக்கொண்டால் பாவமாகிவிடுமோ என்று அவர் அஞ்சுகிறார். தொழுகையில் ஸஜ்தாவுக்குப் போகும்போதெல்லாம் ஒரு பக்கம் வெறுமையாக இருப்பது நினைவுக்கு வந்து கண் கலங்குகிறது என்று எழுதியிருக்கிறார்.

இரண்டு கேள்விகளும் ஒரே அறுவைச் சிகிச்சையைப் பற்றியவைதாம். ஆயினும் மார்க்கம் இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொல்லவில்லை. ஏன் என்பதை இங்கே விளக்க முற்படுகிறோம்.

வெட்கம் அறிவுக்குத் தடையல்ல

இதையெல்லாம் வீட்டில் வைத்துப் படிக்கும் பத்திரிகையில் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்பதில் ஐயமில்லை. ஆனால் அன்ஸாரிப் பெண்களைப் பற்றி அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்து கூறியதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். மார்க்கத்தை விளங்கிக்கொள்வதற்கு அப்பெண்களை வெட்கம் தடுக்கவில்லை என்பதே அவர்களுக்குக் கிடைத்த புகழ்மாலை. உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் குளிப்புக் கடமையாவது பற்றிப் பெருமானாரிடமே நேரில் வந்து கேட்டார்கள். நம் பெண்கள் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல், பக்கத்து வீட்டிலும் விளம்பரங்களிலும் பதில் தேடுவதால்தான் துன்பங்கள் வருகின்றன.

இது எங்கோ அமெரிக்காவில் நடிகைகள் செய்துகொள்வது என்று தள்ளிவிடவும் முடியாது. 2018ஆம் ஆண்டில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே ஏழைப் பெண்களுக்கு மார்பக அழகுச் சிகிச்சையை இலவசமாகச் செய்யும் ஏற்பாடு தொடங்கப்பட்டது. ஆகவே கேள்வி நம் வாசலுக்கே வந்துவிட்டது.

அந்தச் சிகிச்சையில் என்ன நடக்கிறது?

மார்க்கத் தீர்ப்புக்கு முன், செய்தி இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். சிலிக்கோன் என்ற பொருளால் ஆன பையை மார்பகத்துக்குப் பின்னாலோ, மார்புத் தசைக்கு அடியிலோ வைத்துத் தைப்பதுதான் இந்தச் சிகிச்சை. பைக்குள் சிலிக்கோன் கூழோ உப்பு நீரோ இருக்கும். இத்தகைய சிலிக்கோன் கூழ்ப் பையை முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு வைத்தது 1962இல், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில். முழு மயக்கம் கொடுத்து, மார்பகத்தின் அடிமடிப்பிலோ, காம்பைச் சுற்றியோ, அக்குளிலோ கீறி உள்ளே வைப்பார்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அதன் பிறகு முதல் சில நாட்கள் மார்பில் பாறாங்கல்லை வைத்ததுபோல் இறுக்கமும் வலியும் இருக்கும். கையை உயர்த்துவது சிரமம். உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு ஒரு வாரம் பத்து நாளில் திரும்பலாம். ஆனால் தண்ணீர்க் குடம் தூக்குவது, பிள்ளையைத் தூக்குவது போன்றவற்றை நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை தவிர்க்கச் சொல்வார்கள். வீக்கம் முழுதும் வடிய மாதங்கள் ஆகும். தழும்பு மங்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம், அடியோடு மறைவதில்லை.

இவையெல்லாம் ஆறிப்போகிற சிரமங்கள். இனிச் சொல்லப்போவதுதான் முக்கியமானது. இந்தப் பை ஆயுள் முழுவதற்கும் உரியதல்ல. வைத்த காலம் நீள நீளச் சிக்கலுக்கு இடம் கூடுகிறது. மீண்டும் ஆபரேஷன் தேவைப்படலாம். அந்நியப் பொருள் உள்ளே வந்ததும் உடல் அதைச் சுற்றி ஒரு சவ்வு கட்டுகிறது. சிலருக்கு அந்தச் சவ்வு சுருங்கி இறுகி, மார்பகம் கல்லாகி, வலியும் கோணலும் உண்டாகின்றன. பை கிழியவும் கூடும். கூழ்ப்பை கிழிந்தால் வெளியே தெரியாமலே இருக்கலாம் என்பதால், அறிகுறி ஏதும் இல்லாவிட்டாலும் வைத்து 5, 6 ஆண்டுகள் கழித்தும், பிறகு 2, 3 ஆண்டுக்கு ஒருமுறையும் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும் என்று அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கூறுகிறது. காம்பில் உணர்ச்சி குறைந்துபோவதும் உண்டு. பிற்காலத்தில் புற்றுநோய் இருக்கிறதா என்று மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கும்போது பை குறுக்கே நிற்பதால், தனி முறையில் படம் எடுக்க வேண்டியிருக்கிறது.

சொரசொரப்பான மேற்பரப்பு உள்ள பைகளால், அரிதாகவேனும், நிணநீர்த் திசுவில் ஒருவகைப் புற்றுநோய் உண்டாவது தெரிய வந்தது. பெரும்பாலும் பல ஆண்டுகள் கழித்துத் திடீர் வீக்கமாக அது தலைகாட்டும். இதன் காரணமாக 2019 ஜூலையில் அல்லர்கன் நிறுவனம் அவ்வகைப் பைகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. 2021 அக்டோபரில் அமெரிக்க அரசு எல்லா மார்பகப் பைகளுக்கும் கடுமையான எச்சரிக்கைக் குறிப்பைக் கட்டாயமாக்கி, ஆபத்துகளை ஒவ்வொன்றாகப் பெண்ணிடம் விளக்கிய பிறகே விற்க வேண்டும் என்று ஆணையிட்டது.

பிரான்ஸில் நடந்ததையும் நாம் மறக்கலாகாது. பி.ஐ.பி. என்ற நிறுவனம் மருத்துவத்துக்கு ஆகாத, தொழிற்சாலைக்கு உரிய மலிவான சிலிக்கோனைப் பைகளில் நிரப்பிப் பல நாடுகளுக்கு விற்றது. 2010இல் குட்டு வெளிப்பட்டது. 2013 டிசம்பரில் அதன் நிறுவனருக்கு 4 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆனால் அதற்குள் இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் உடலில் அது குடியேறியிருந்தது.

பாலைப் பற்றிய வீண் கவலை

மாப்பிள்ளை வீட்டு மாமியின் பேச்சுக்கு வருவோம். மார்பகத்தின் பருமனைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கொழுப்பு. பாலைச் சுரப்பதோ அதனுள்ளே இருக்கும் சுரப்பிகள். சிறிய மார்பகம் உள்ள தாய்மார்கள் குழந்தைகளுக்கு நிறைவாகப் பாலூட்டி வளர்ப்பதை நம் குடும்பங்களிலேயே தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வருகிறோம். ஆனால் பை வைத்துப் பெரிதாக்கிக்கொண்ட பெண்களில் சிலருக்குப் பால் குறைகிறது. காம்பைச் சுற்றிக் கீறினால் பால் நாளங்களும் நரம்புகளும் அறுபட அதிக வாய்ப்பு உண்டு. பால் இராது என்ற பழிச்சொல்லுக்கு அஞ்சி, உள்ள பாலையும் கெடுத்துக்கொள்வது அறிவுடைமை ஆகுமா?

பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோர் முழுமையாக இரண்டாண்டுகள் ஊட்டுவார்கள் என்று அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனத்தில் அல்லாஹ் குறிப்பிடுகின்றான். பிறக்கும் குழந்தையின் உரிமை அது. கல்யாணப் பந்தலில் நாலு பேர் பார்ப்பதற்காக அந்த உரிமையைப் பணயம் வைக்கலாகாது.

மார்க்கம் என்ன கூறுகிறது?

மனிதர்களைத் தூண்டி அல்லாஹ்வின் படைப்பை மாற்றச் செய்வேன் என்று ஷைத்தான் சூளுரைத்ததை அந்நிஸா அத்தியாயத்தின் 119ஆம் வசனம் எடுத்துரைக்கின்றது. அழகுக்காகப் பச்சை குத்துவோரையும், பற்களை அராவி இடைவெளி உண்டாக்கிக்கொள்வோரையும் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வன்மையாகக் கண்டித்து, பெருமானார் சபித்தவர்களைத் தாமும் சபிப்பதாகக் கூறினார்கள். உம்மு யஃகூப் என்ற மாது அவர்களிடம் வந்து தர்க்கித்தார். உங்கள் மனைவியும் இதில் ஏதோ செய்கிறார் போலிருக்கிறதே என்றும் சொன்னார். போய்ப் பார்த்து வாருங்கள் என்றார்கள் இப்னு மஸ்ஊத். அந்த மாது போய்ப் பார்த்தார்; தாம் நினைத்தது எதுவும் அங்கே இல்லை. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள இந்த அறிவிப்பில், அழகுக்காக என்ற சொல்லை நம் இமாம்கள் ஊன்றிக் கவனித்தார்கள். நோய்க்கோ குறைக்கோ மருந்தாகச் செய்வது வேறு. குறையில்லாத உடலை ஆசைக்காக மாற்றுவது வேறு என்று அவர்கள் பகுத்துரைத்தார்கள்.

மற்றொரு செய்தி நம் முதல் கடிதத்துக்கு நேரடியாகப் பொருந்துகிறது. அன்ஸாரிகளில் ஒரு பெண்ணுக்குத் திருமணம் நடந்தது. நோயுற்று அவளுடைய தலைமுடி உதிர்ந்துவிட்டது. ஒட்டுமுடி வைக்கும்படி கணவன் சொல்கிறான், வைக்கலாமா என்று அவள் தாயார் பெருமானாரிடம் வந்து கேட்டார்கள். கூடாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். இந்த ஹதீஸை இமாம் புகாரி அவர்கள், பாவமான காரியத்தில் மனைவி கணவனுக்குக் கீழ்ப்படியலாகாது என்ற தலைப்பின் கீழ்ப் பதிந்திருக்கிறார்கள். கட்டிய கணவனின் விருப்பத்துக்கே இந்த எல்லை என்றால், இன்னும் மாமியாகாத மாமியின் பேச்சுக்கு எந்த எல்லை?

இனி இரண்டாவது கடிதம். அர்ஃபஜா (ரலி) என்ற தோழர், அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் போரில் மூக்கை இழந்தவர். வெள்ளியால் ஒரு மூக்குச் செய்து வைத்துக்கொண்டார். அது துர்நாற்றம் எடுத்தது. அப்போது தங்கத்தால் செய்து வைத்துக்கொள்ளும்படி பெருமானார் கட்டளையிட்டார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இது காணப்படுகிறது. ஆண்களுக்குத் தங்கம் ஹராம். அந்தத் தங்கத்தையே ஓர் ஆணின் முகத்தில் வைக்க அனுமதித்தார்கள் என்றால், இழந்த உறுப்பை மீட்டுக்கொள்வதை நம் மார்க்கம் எவ்வளவு இரக்கத்தோடு பார்க்கிறது என்று சிந்தியுங்கள். ஒட்டுமுடி இல்லாததை இருப்பதாகக் காட்டுவது. இதுவோ இழந்த உறுப்புக்குச் செய்யும் பரிகாரம்.

இந்த அடிப்படையில்தான், 2007இல் மலேசியாவின் புத்ரஜாயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தன் 173ஆவது தீர்மானத்தை வெளியிட்டது. பிறவிக் குறையையும், விபத்து, தீக்காயம், நோய் ஆகியவற்றால் வந்த குறையையும் சீர்செய்யும் சிகிச்சை ஆகும் என்றும், அகற்றப்பட்ட மார்பகத்தை மீண்டும் அமைப்பது அதில் அடங்கும் என்றும் அது கூறியது. மருத்துவத் தேவை இல்லாமல், மன இச்சைக்காகவும் பிறரைப் பார்த்து நடப்பதற்காகவும் இயல்பான உருவத்தை மாற்றுவது கூடாது என்றும் தீர்ப்பளித்தது.

ஆகவே மூன்று நிலைகளை மனதில் வையுங்கள். ஒன்று, நோயால் இழந்ததை மீட்பது, இது ஆகும். இரண்டு, ஒரு பக்கம் வளர்ந்து மறுபக்கம் வளராமலே நின்றுவிடுவது போன்ற உண்மையான பிறவிக் குறை. நம்பிக்கையான டாக்டரும் ஆலிமும் குறை என்று ஒப்பினால் இதுவும் ஆகும். மூன்று, உடல் நலமாக இருக்க, அளவு போதாது என்ற எண்ணத்துக்காக மட்டும் செய்வது, இது ஆகாது. நகையை விற்கக் கேட்கும் அந்தப் பிள்ளையின் நிலை மூன்றாவதுதான்.

விளம்பரங்களில் வரும் எண்ணெய், மாத்திரை ஆகியவற்றையும் நம்பிவிடாதீர்கள். அவை மார்பகத்தை வளர்க்கும் என்பதற்கு ஆதாரமில்லை. சிலிக்கோன் திரவத்தை நேராக ஊசியில் ஏற்றுவதோ உயிருக்கே ஆபத்து.

மார்பகத்தை இழந்த சகோதரிக்கு

சகோதரியே! நீங்கள் பாவம் எதுவும் செய்யப்போவதில்லை. மனம் தெளிந்து முடிவெடுங்கள். பை வைத்தும் அமைக்கலாம். உங்கள் வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ சதையை எடுத்தும் அமைக்கலாம். கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்குப் பை வைப்பதில் சிக்கல் கூடுதல் என்பதால் அதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பையைத் தாங்கச் சில இடங்களில் பதப்படுத்திய தோலை வலைபோல் வைக்கிறார்கள். அது பன்றித் தோலாகவும் இருப்பதுண்டு. என்ன பொருள் என்று கேட்டு, வேறு பொருள் கிடைக்குமா என்று விசாரியுங்கள். ஆபரேஷனே வேண்டாம் என்றால், துணியாலோ சிலிக்கோனாலோ செய்ததை உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளலாம். ஒன்றுமே வேண்டாம் என்று பொறுமையோடு இருந்தாலும் உங்கள் கண்ணியத்தில் அணுவளவும் குறைவில்லை.

பெண் டாக்டரைத் தேடுங்கள். முஸ்லிம் பெண் டாக்டர் கிடைக்காவிட்டால் பிற மதப் பெண் டாக்டர். அவரும் இல்லாதபோதுதான் ஆண் டாக்டர். அப்போதும் தேவையான அளவு மட்டுமே திறந்து, மஹ்ரமோ நம்பிக்கையான ஒரு பெண்ணோ உடனிருக்க வேண்டும். ஆனால் பெண் டாக்டர் இல்லை என்று சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள். நம் நாட்டில் பெண்களை மிக அதிகமாகத் தாக்கும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். கட்டி தட்டுப்பட்ட பிறகும் வெட்கத்தால் மாதக்கணக்கில் மூடி மறைத்து, கடைசிக் கட்டத்தில் வருபவர்கள் அநேகர். உயிரைக் காப்பது ஷரீஅத்தின் தலையாய நோக்கங்களில் ஒன்று.

தொழுகையைப் பொறுத்தவரை, மார்பு ஒளுவின் உறுப்பு அல்ல; ஆகவே மார்பில் கட்டு இருப்பது ஒளுச் செய்வதற்குத் தடையாகாது. குளிப்புக் கடமையாகும்போது மற்ற இடங்களைக் கழுவி, நனைக்கக் கூடாத கட்டின் மீது ஈரக்கையால் மஸ்ஹு செய்ய வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபினர் அதோடு தயம்மும் செய்துகொள்ள வேண்டும். காயத்தில் வைத்த குழாய் வழியே நீர் வடிந்துகொண்டே இருந்தால் என்ன செய்வதென்று உங்கள் மத்ஹபு ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கையை உயர்த்த முடியாவிட்டால் தக்பீரில் உயர்த்தாமலே தொழலாம். குனிய முடியாவிட்டால் உட்கார்ந்து சைகையால் தொழலாம். மயக்கத்தில் தப்பிய தொழுகைகளைக் களாச் செய்துவிடுங்கள்.

கணவன்மார்களுக்கும் மாமிமார்களுக்கும்

இந்தப் பிரச்சினைக்கு வேர் பெண்ணின் உடலில் இல்லை. நம் நாக்கில் இருக்கிறது. கைக்கூலி கேட்பது பாவம் என்று மேடைதோறும் பேசுகிறோம். பெண் பார்க்கப் போன இடத்தில் பிறர் பெற்ற பிள்ளையின் நிறத்தையும் உயரத்தையும் மார்பையும் எடை போட்டுப் பேசுவது பாவமில்லையா? ஆண்கள் ஆண்களையும், பெண்கள் பெண்களையும் பரிகசிக்க வேண்டாம். பரிகசிக்கப்படுவோர் உங்களைவிட மேலானவர்களாக இருக்கக்கூடும் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் அல்லாஹ் எச்சரிக்கின்றான். பெண்களைத் தனியாகவும் சேர்த்துச் சொன்ன அந்த எச்சரிக்கையை நம் மாமிமார்கள் ஒருமுறை ஓதிப் பொருளறிந்து பார்க்கட்டும். படைப்பைப் பழிப்பவர், அறியாமலே படைத்தவனைக் குறை சொல்கிறார்.

கணவன்மார்களே! பார்க்கக் கூடாததைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் சொந்த மனைவி குறையாகத் தெரிகிறாள். பார்வையைத் தாழ்த்துங்கள், வீட்டில் பரக்கத் உண்டாகும்.

கடிதம் எழுதிய தாயே! உங்கள் மகளை மடியில் சாய்த்து ஆறுதல் சொல்லுங்கள். அவள் வாப்பாவை மாப்பிள்ளையிடம் நேரில் பேசச் சொல்லுங்கள். உங்கள் வீட்டார் இப்படிச் சொன்னார்கள், உங்கள் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்கட்டும். அந்தப் பிள்ளையை உள்ளபடி விரும்புகிறேன் என்றால் அல்ஹம்து லில்லாஹ், நிக்காஹை நடத்துங்கள். தயங்கினால், நிக்காஹுக்கு முன்பே தெரிந்ததற்காக அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தி விலகிக்கொள்ளுங்கள். இதனால் ஊர் பேசும். பேசிய ஊர் நாலு நாளில் மறந்துவிடும். உடலுக்குள் வைத்துத் தைத்ததை நாலு நாளில் மறக்க முடியாது.

அல்லாஹ் நம் உருவங்களையோ செல்வங்களையோ பார்ப்பதில்லை, உள்ளங்களையும் செயல்களையுமே பார்க்கின்றான் என்று எம்பெருமானார் நமக்கு அறிவித்திருக்கிறார்கள். தம் உருவத்தை அழகாக்கியது போலவே குணத்தையும் அழகாக்கும்படி அல்லாஹ்விடம் அவர்கள் இறைஞ்சியும் இருக்கிறார்கள். அந்த துஆவை நம் பெண்மக்களுக்குக் கற்றுக்கொடுப்போம். நம் ஆண்மக்களுக்கும் கற்றுக்கொடுப்போம்.

யா அல்லாஹ்! நோயுற்ற எங்கள் சகோதரிகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வாயாக! சொல்லால் காயப்பட்ட எங்கள் பெண்மக்களின் உள்ளங்களை ஆற்றுவாயாக! எங்கள் நாவுகளைப் பேணி, நீ தந்ததைக் கொண்டு மனநிறைவு கொள்ளும் நன்மக்களாக எங்களை ஆக்கியருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.